ஓதாநியாஸ் வயிற்றில் கட்டிய விதை

உலகத்தில் முலாம்பழம் என்ற ஒன்று அழியாமல் இருப்பதற்கே ரஹ்மான்பெர்தி வம்சம்தான் காரணம். ஆமு ஆறு தடம் மாறியபோதும், கான்கள் போய் ஜார் வந்து, ஜார் போய்க் கூட்டுப்பண்ணை வந்து, கூட்டுப்பண்ணையும் போனபோதும், அந்த மஞ்சள் பழத்தின் விதை தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு மட்டுமே மாறி வந்திருக்கிறது. வேறொரு கை அதைத் தொட்டதில்லை. இதைச் சொல்வது ரஹ்மான்பெர்தியின் பேரன் ஓதாநியாஸ். எங்கள் ஊரான தாஷ்யாபில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. கால்வாய் பம்ப் ஓட்டுகிறவன். எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இடுப்புயர மண்சுவர் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரே காரணத்துக்காக இருபது வருஷமாக என்மேல் அவருக்குச் சந்தேகம்.

கூட்டுப்பண்ணைக் காலத்தில் அவர் பருத்தி எடைபோடுகிறவராக இருந்தார். பருத்தி மூட்டைக்குள் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா, அடியில் கல் வைத்திருக்கிறார்களா என்று முப்பது வருஷம் கையை விட்டு விட்டுப் பார்த்த மனுஷன். பண்ணை போய்விட்டது. கைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. விருந்தாளிக்குப் பழம் வெட்டினால் முதலில் விதையையெல்லாம் தானே வழித்துக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்வார். தின்ற தோலைப் புரட்டிப் பார்ப்பார். கிளம்புகிற நேரத்தில், "வாய் கொப்பளிச்சிட்டுப் போங்க, பிசுபிசுங்கும்" என்பார். பிசுபிசுப்பைப் பற்றிய அக்கறை இல்லை அது. பல்லிடுக்கில் ஒரு விதை தங்கியிருந்தால்?

எங்கள் பக்கத்தில் போன வருஷ விதையை யாரும் இந்த வருஷம் ஊன்றமாட்டார்கள். ஊன்றினால் கொடி தெரு வரைக்கும் ஓடும், காய் பிடிக்காது. மூன்று நான்கு வருஷம் கிடந்த பிறகுதான் விதைக்குப் புத்தி வரும். அதனால் ஓதாநியாஸ் வீட்டில் எப்போதும் நான்கு துணிப்பைகள் இருக்கும். வயசுக்குத் தக்கபடி ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று போட்டிருப்பார். நான்கு முடிச்சுப் பைதான் அந்த வருஷத்துக்கு. பழங்களைக் கோரைவலையில் தொங்கவிடும் அறையில், உத்தரத்தில் ஒரு சுரைக்குடுக்கைக்குள் அவை கிடந்தன, போன இலையுதிர் காலம் வரை.

போன இலையுதிர் காலத்தில் குடுக்கையைக் காலி செய்து பைகளை எங்கேயோ ஒளித்துவிட்டார். காரணம், மருமகள்.

மகன் இந்திஸாரைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவள் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பாக்மான்காரி என்றுதான் தெரியும். கல்யாணமாகி மகன் ஹூஷ்னூத் கட்டட வேலைக்கு ரஷ்யாவின் கஸானுக்கு ரயிலேறிய பிறகுதான், அவள் அப்பா மத்யாகூப் எட்டு ஏக்கரில் முலாம்பழம் போட்டு லாரியில் அனுப்புகிற ஆள் என்று ஓதாநியாஸ் உணர்ந்தார். அதாவது, தெரிந்ததுதான். உணர்ந்தது அப்போது.

"வீட்டுக்குள்ளயே ஆள் வச்சிருக்கான்" என்று என்னிடம் சொன்னார். என்மேலும் சந்தேகம் இருந்ததால் இன்னாரென்று சொல்லவில்லை.

அந்தப் பெண்ணோ வாயே திறப்பதில்லை. எங்கள் ஊரில் புதுமருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. பிள்ளை பிறக்கிறவரை மாமியார் வழியாகத்தான். மாமனார் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், இவள் மாமியார் பிகாஜானைப் பார்த்து, "அத்தே, மாமாவுக்கு இன்னொரு ரொட்டி வேணுமான்னு கேளுங்க" என்பாள். பிகாஜான் திரும்பி, "வேணுமாங்கிறா" என்பாள். "போதும்னு சொல்லு" என்பார். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது.

பேச்சில்லாவிட்டாலும் கை ராசியான கை. வசந்தப் பண்டிகை நவ்ரோஸுக்கு முன்னாலேயே வாசல் ஜன்னலில் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, சலித்த மண்ணும் மக்கின ஆட்டெருவும் கலந்து, தக்காளி, மிளகாய், கத்திரி என்று போட்டாள். எல்லாம் ஒன்றுபோல முளைத்தன. வெயில் பக்கம் சாய்ந்தால் பெட்டியைத் திருப்பி வைப்பாள். வெள்ளரியைத் தனியாகக் காகிதக் குழல்களில் ஊன்றினாள். அந்த ஜன்னலைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஓதாநியாஸ் மட்டும் போகும்போதும் வரும்போதும் ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் கடைசியில் முலாம்பழ விதையை ஊறவைக்கும் நாள் வந்தது.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி தேன் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மிதக்கிறதைக் கொட்டிவிட்டு, மூழ்கினதை ஈரத்துணியில் முடிந்து, வீட்டுப் பெண் ஒருத்தி வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். மூன்று நாள், நான்கு நாள். மாவு பிசைந்தாலும் மாடு கறந்தாலும் அது அங்கேதான் இருக்கும். அடுப்பு மேடையில் வைத்தால் சூடு ஏறும் இறங்கும். மனுஷ வயிறு ஒரே சீர். விதை வாயைத் திறந்து வெள்ளை மூக்கை நீட்டினதும் அவிழ்த்து டப்பாக்களில் ஊன்றுவார்கள்.

முப்பது வருஷமாக அதைக் கட்டிக்கொண்டவள் பிகாஜான். எழுபது விதை எண்ணிக் கொடுத்தால் அறுபத்துநான்கு திருப்பிக் கொடுப்பாள். "ஆறு அழுகிப்போச்சு" என்பாள். வருஷாவருஷம் கணக்காக ஆறு அழுகும். அந்த ஆறும் எங்கள் தெருவில்தான் வருஷத்துக்கு ஒரு வீடாக முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குச் சர்க்கரைப்பழம் என்று பெயர் வைத்து, ஊர்கெஞ்ச் சந்தையில் வாங்கின விதை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஓதாநியாஸ் ஆகஸ்டில் எங்கள் வீட்டில் அதைச் சாப்பிடுவார். "வெள்ளரிக்காய்க்கு மஞ்சள் சாயம் அடிச்ச மாதிரி இருக்கு" என்று துப்புவார். நான் ஆமாம் என்பேன்.

இந்திஸாருக்கு இது தெரியும். வந்த வருஷமே என் மனைவி ஆய்ஜமாலுக்குத் தந்தூரில் ரொட்டி ஒட்ட உதவிக்கு வந்தவள், கொடியில் கிடந்த பழத்தின் வலைப்பின்னலைப் பார்த்தாள், ஆய்ஜமால் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, நல்லா வந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அந்த நாளில் பிகாஜான் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு கையை நீட்டினாள். ஓதாநியாஸ் கொடுக்கவில்லை.

"எங்கிட்ட குடுங்க. வருஷாவருஷம் நாந்தான கட்டுறேன்?"

"ஒனக்கு வயசாயிருச்சு. சூடு பத்தாது."

"அப்ப மருமவ கட்டிக்கட்டும்."

"அவ கட்டுனா பாக்மான்லதான் முளைக்கும்."

இந்திஸார் அங்கேதான் சதகுப்பைக் கீரையைப் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள், மதியச் சாப்பாட்டுச் சேவைக்கு. கத்தி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடியும் நறுக்கியது.

"பின்ன யாரு கட்டுறது, பூனையா?" என்றாள் பிகாஜான்.

பூனை அப்போது ஓதாநியாஸ் அறையில், மெத்தை அடுக்கிவைக்கிற மேடையில், சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. குளிர்காலம் பூராவும் அங்கேதான் படுத்திருந்தது. "எம்மேல பாசம். ராத்திரில தனியா வுடாது" என்று அவர் சாய்கானா என்கிற எங்கள் டீக்கடையில் பெருமையாகச் சொல்வதுண்டு.

கடைசியில் ஓதாநியாஸே கட்டிக்கொண்டார்.

அந்த வாரம்தான் கால்வாய் தூர் எடுக்கிற வாரம். மண்ணின் உப்பைக் கழுவ விட்ட தண்ணீர் வடிந்து வயலெல்லாம் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. காற்று அடித்தால் உதட்டில் கரிக்கும். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். ஓதாநியாஸ் கோட்டுக்கு மேல் கம்பளிச் சால்வையைச் சுற்றி, இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கரைமேல் நின்றார். இறங்கவில்லை.

கீழே சேற்றில் நின்ற ரூஸ்மத்துக்கு வாய் சும்மா இருக்காது. தந்தூர் அடுப்பு கட்டுகிறவன், கொத்தனார் வேலையும் செய்வான்.

"என்னண்ணே, குனிய மாட்டேங்கிறீங்க?"

"இடுப்புப் பிடிப்பு."

"இடுப்பு பின்னால இல்ல இருக்கும்? நீங்க முன்னால புடிச்சிருக்கீங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஓதாநியாஸ் தொண்டையைக் கனைத்தார். "வெத கட்டியிருக்கேன்டா. வம்ச வெத. ஒங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது."

"எத்தனாவது மாசம்ணே?"

"ரெண்டாவது நாளு."

"புளிப்பா ஏதாவது கேக்குதா? எங்க வீட்ல ஊறுகா இருக்கு."

"பொறந்தா யாரு ஜாடைன்னு பாத்துத்தான் பேரு வைக்கணும்" என்றது இன்னொரு குரல்.

"சிரிங்கடா. ஆகஸ்ட் மாசம் தட்டத் தூக்கிட்டு வருவீங்கல்ல, அப்ப வாய் கொப்பளிக்கச் சொல்றேன்."

சாய்கானாவிலும் அப்படியே உட்கார்ந்தார். தினமும் காலையில் பேப்பரை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறவர் அவர்தான். அறுபத்தெட்டு வயசில் கண்ணாடி கிடையாது, அதில் அவருக்கு ஒரு கர்வம். அந்த நான்கு நாளும் ஒரு கையால் பேப்பரைப் பிடித்து, மறுகையை எடுக்காமலே வாசித்தார். முட்டை அடைத்த பராக் கொழுக்கட்டை செய்தால் இருபது சாப்பிடுகிற ஆள், ஆறோடு நிறுத்தினார். வயிறு உப்பினால் துணி இறுகும் என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் அவர் அவிழ்த்தபோது ஒரு விதைகூட மூக்கை நீட்டவில்லை. எழுபதும் வழவழவென்று இருந்தன. நாற்றம் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது.

சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. "வா. நீ பொதுவான ஆளு. தண்ணி வுடுறவன் யாரு பக்கமும் சாயக்கூடாது. வந்து பாத்துச் சொல்லு."

பொதுவான ஆள் போனேன். எங்கள் வீட்டு ஜன்னலில் தயிர் டப்பாக்களில் சர்க்கரைப்பழம் என்கிற ரஹ்மான்பெர்தி இரண்டு இலை விட்டு நாற்பது நாற்று நின்றுகொண்டிருந்தது. நான்காம் வகுப்பு படிக்கிற என் மகள் ஸேவருக்குத் தன் பெயரை எழுதிப் பார்ப்பதில் அலாதிப் பிரியம். டப்பா விடாமல் எழுதி வைத்திருந்தாள். வரும்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தேன்.

ஓதாநியாஸ் துணியைத் தட்டில் விரித்து வைத்திருந்தார். பிகாஜான் கதவோரம் நின்றாள். இந்திஸார் அவளுக்குப் பின்னால்.

"இது எங்க வெத இல்ல" என்றார். "மாத்தியிருக்காங்க. எங்க வெதய எடுத்துட்டு செத்த வெதய வச்சிருக்காங்க. யாருன்னு கேளு."

"யாருண்ணே?"

"அந்த ஜன்னலப் பாரு. தக்காளி முளைச்சிருக்கு. மொளகா முளைச்சிருக்கு. கத்திரி, வெள்ளரி எல்லாம் முளைச்சிருக்கு. எங்க வம்ச வெத மட்டும் முளைக்கல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

"வயசான வெத. ஒரு வருஷம் அப்படித்தான் போகும்" என்றாள் பிகாஜான்.

"ஒரு வருஷம் எழுவதும் போவுமா? ஒவ்வொரு வருஷமும் ஆறுதான போவும்?"

பிகாஜான் தன் தலைத்துணியின் ஓரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் திறந்திருந்த அறைக்கதவு வழியாகப் பூனையைப் பார்த்தேன்.

"மத்யாகூபுக்குப் போன் போட்டுட்டேன்" என்றார் ஓதாநியாஸ். "வரட்டும். வந்து மகளையும் அவ மெத்தையையும் ஏத்திட்டுப் போவட்டும். போன இடத்துல முளைக்கட்டும்."

மருமகளுக்குச் சீராக வந்த பஞ்சு மெத்தைகள் ஏற்கெனவே வாசலில் வந்து கிடந்தன. சிவப்பு, பச்சை, நீலப்பூப் போட்டது, ஏழோ எட்டோ. மேலே உப்புத்தூசி படிய ஆரம்பித்திருந்தது. மெத்தை தெருவழியாகத் திரும்பிப் போனால் அந்தப் பெண் மறுபடி இந்தத் தெருவுக்குள் வர முடியாது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நடுவில் கஸானிலிருந்து ஹூஷ்னூத் பேசினான். ஓதாநியாஸ் போனைத் தள்ளிப் பிடித்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "அப்பா, அவசரப்படாதீங்க. நான் லீவு கேக்குறேன். அப்பா, கேக்குதா?"

"லைன் சரியில்ல" என்று அணைத்துவிட்டார்.

மத்யாகூப் வெள்ளைக் காரில் வந்தார். ஒரு கதவு மட்டும் நீலம். பெரிய உடம்பு, இறங்கிக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் சலாம் சொன்னார். மெத்தைகளைப் பார்த்தார். முகம் மாறியது, குரல் மாறவில்லை.

"சம்மந்தி, ஒங்க வெதய நான் திருடணுமா? ஒங்க பழத்த எங்க வீட்டுக்கு ஒரு தடவ குடுத்து வுட்டீங்க. எம்மாடு மோந்து பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு."

"ஒங்க மாட்டுக்குப் பழம் எங்க தெரியும், சம்மந்தி. அது ஒங்க பழத்தத் தின்னு வளந்த மாடு."

"எட்டு ஏக்கரு போடுறேன். ஒங்க பன்னெண்டு சென்ட்டுல நான் எதுக்குக் கைய வுடுறேன்?"

"எட்டு ஏக்கருல இருக்கறது எட்டு ஏக்கரு பூசணிக்கா. அதனாலதான்."

"பேசாத, ஏத்து" என்று மத்யாகூப் மகளைப் பார்த்துச் சொன்னார். "இந்த வீட்டு ரொட்டி ஒனக்கு வேணாம்."

இந்திஸார் நகரவில்லை. தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "அத்தே" என்று ஆரம்பித்தாள். பிகாஜான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கெஞ்சலா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு ஆறாக முப்பது வருஷம் அதில் இருந்தது. ஒரு வார்த்தையில் எல்லாரையும் இழுத்துவிட்டிருக்கலாம் அந்தப் பெண். என் வீட்டு ஜன்னல் முதல் பலி.

அவள் மாமியாரை விட்டுவிட்டு மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா."

ஓதாநியாஸ் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். ஒன்றரை வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"வெதய எங்க வச்சிருந்தீங்கன்னு சொல்லுங்க. நான் எப்படி எடுத்தேன்னு சொல்றேன்."

ஓதாநியாஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதச் சொல்ல முடியாது."

"ஏன்?"

"சொல்லிட்டா எடம் தெரிஞ்சிருமே."

"தெரியாத எடத்துலருந்து எம்மக எப்படிய்யா எடுத்தா?" என்றார் மத்யாகூப்.

"அதான் எனக்கும் புரியல. அவ்வளவு கெட்டிக்காரி."

"மிச்சப் பை மூணும் இப்ப எங்க இருக்கு?" என்றேன் நான். பொதுவான ஆள் ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்டேன்.

"அங்கதான்."

"அதுவும் மாத்துன வெதயா, நல்ல வெதயான்னு பாத்துட்டா விஷயம் முடிஞ்சது. நல்ல வெதன்னா மருமவ எடுக்கல. எடுக்கறவ மூணு பைய வுட்டு வைப்பாளா?"

அவர் இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். எல்லாரும் வெளியே போங்கள் என்றார். யாரும் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள் என்றார். "எந்தச் சுவரு?" என்று மத்யாகூப் கேட்டார். கடைசியில் ஓதாநியாஸ் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போக, நாங்கள் நான்கு பேரும் பின்னாலேயே போனோம்.

மெத்தை மேடையிலிருந்து பூனையை ஒதுக்கினார். பூனை முனகியது. சுவரில் முழங்கையளவு உயரத்தில் மண் பூச்சு மட்டும் கொஞ்சம் புதுநிறமாக இருந்தது. கொத்தின் காம்பால் இடித்தார். உதிர்ந்தது. உள்ளே ஒரு பொந்து.

"அக்டோபர்லயே தோண்டி வச்சிட்டேன்" என்றார். பெருமை முழுசாகப் போய்விடவில்லை. "ஒருத்தனுக்குத் தெரியாது. போன வாரம் வீடு ஆறி அடங்குன நடுராத்திரில ஒரு பைய எடுத்துட்டுத் திரும்பப் பூசிட்டேன்."

கையை உள்ளே விட்டார். உடனே வெளியே எடுத்தார். விரலை உதறினார்.

பிகாஜான் அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு அறையை விட்டு வெளியே போனாள். அடுத்த அறைக்குள் அவள் நடக்கிற சத்தம் கேட்டது. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டுத் தட்டினாள். சரியாகப் பொந்துக்கு நேராக.

"இங்கதான நவம்பர்ல ரூஸ்மத்த வச்சு அடுப்பு கட்டச் சொன்னீங்க" என்று சுவர் வழியாகக் குரல் வந்தது. "பொகக்கூண்டு இதோட போவுது. இப்பவும் எரியுது."

மத்யாகூப் சட்டை முனையால் பைகளை வெளியே எடுத்தார். மூன்று முடிச்சு, இரண்டு முடிச்சு, ஒரு முடிச்சு. துணி ஓரம் பழுப்பேறியிருந்தது. ஒன்றை அவிழ்த்து, நான்கு விதையை உள்ளங்கையில் உருட்டினார், பல்லில் வைத்துக் கடித்தார். நன்றாகப் பொடிந்தது. நிதானமாக மென்றார். தோலை விரலில் எடுத்தார்.

"சம்மந்தி" என்றார், "உப்பு மட்டுந்தான் கொறவு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஓதாநியாஸுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மேடையில் உட்கார்ந்தார். பூனை திரும்பி வந்து அவரைத் தாண்டிப் போய்ச் சுவரோடு ஒட்டிப் படுத்தது.

இந்திஸார் வாசலுக்குப் போய் மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே கொண்டுவந்தாள். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மேடையில் ஓதாநியாஸ் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அவற்றை அடுக்கவேண்டும். முதல் மெத்தையோடு வந்து நின்றாள். "அத்தே, மாமாவ கொஞ்சம் நகரச் சொல்லுங்க" என்றாள். பிகாஜான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் நகர்ந்தார். மத்யாகூப் இரண்டு கிண்ணம் பச்சைத் தேநீர் குடித்துவிட்டு, போகும்போது மிச்ச விதையைக் கோட்டுப் பையில் கொட்டிக்கொண்டு போனார். வழியில் கொறிக்க.

மறுநாள் மதியம் ஓதாநியாஸ் தூங்குகிற நேரத்தில் பிகாஜான் மண்சுவர் அருகே வந்தாள். "ஆய்ஜமால், அழுகுன ஆறுல கொஞ்சம் திருப்பிக் குடு" என்றாள். என் மனைவி பன்னிரண்டு டப்பா எடுத்து ஒவ்வொன்றாகச் சுவருக்கு மேலே நீட்டினாள். வாங்கி வாங்கி மருமகளிடம் கொடுத்தாள் பிகாஜான். அவள் அவற்றைத் தன் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஒளித்தும் ஒளிக்காமலும் வைத்தாள்.

இரண்டு நாள் ஓதாநியாஸ் அந்த ஜன்னல் பக்கம் போகவில்லை. சாய்கானாவுக்கும் வரவில்லை. பேப்பரை ரூஸ்மத் திக்கித் திக்கி வாசித்தான். மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொன்னார்: "முளைச்சிருச்சு. பழைய வெதன்னா கொஞ்சம் தாமதிக்கும். பன்னெண்டு வந்திருக்கு."

"வயித்துல இருந்ததா, செவுத்துல இருந்ததாண்ணே?" என்றான் ரூஸ்மத்.

"வம்ச வெதடா. எங்க இருந்தாலும் முளைக்கும்."

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அங்கே இருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வீட்டில் அந்த நாற்றுதான் நின்றது.

பாதாமி மரங்களில் பூ உதிர்ந்து முடிந்த அன்று, அவர் தோட்டத்தில் குழி எடுத்தார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன். ஓதாநியாஸ் டப்பாவை ஒவ்வொன்றாக ஜன்னலிலிருந்து எடுத்துவந்து, சுற்றிப் பார்த்து, மருமகள் கையில் நேராகக் கொடுத்தார்.

"இந்தா. நீயே ஊனு. வேர் கலையாம ஊனு."

"சரிங்க மாமா."

"வெத எடுக்கற அன்னிக்கு நீயும் உக்காரு. எண்ணத் தெரியணும் ஒனக்கு."

"சரிங்க மாமா."

காலி டப்பாக்களை மண்சுவரோரமாக வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். பன்னிரண்டிலும் பச்சை மையில், 'ஸேவர், நான்காம் வகுப்பு, ஆ பிரிவு' என்று எழுதியிருந்தது. ஓதாநியாஸுக்குக் கண்ணாடி இல்லாமலே வாசிக்க வரும்.